குறிப்புச் செயலிக்குள் நுழையும் முன் வெளியேறும் வழியைப் பாருங்கள்

கணினியில் குறிப்பெழுத எளிய செயலி ஒன்றைத் தேடுபவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் வசதிகளைப் பற்றியவையாகவே இருக்கின்றன. எத்தனை நிறங்களில் குறிப்பட்டை கிடைக்கும், கைப்பேசியிலும் திறக்குமா, படம் ஒட்ட முடியுமா, செயற்கை நுண்ணறிவு உதவிக்கு வருமா என்றெல்லாம் விரிவாகச் சொல்கிறார்கள். தமிழில் எழுதி, தமிழிலேயே தேடி, ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்ததை ஒருநாள் வெளியே எடுக்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதை எவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தபடியே, எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வெழுதும் மாணவர்களுக்குத் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் டியூஷன் எடுப்பவள். கடந்த ஆண்டு, தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், நான் பயன்படுத்தி வந்த குறிப்புச் செயலி மூடப்பட்டது. என் குறிப்புகளை அதிலிருந்து மீட்பதற்குள் கைப்பணமும், தூங்க வேண்டிய இரவுகளும், பிள்ளைகளுக்கு நடத்த வேண்டிய வகுப்புகளும் போயின. அந்த அலைச்சலையும் அதிலிருந்து தெரிந்துகொண்டவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

நான் நோட்டுப் புத்தகத்தை விட்டுக் கணினிக்கு வந்ததற்குக் காரணம் வெள்ளம். 2017 நவம்பரில் பினாங்கு மாநிலத்தையே முடக்கிய பெருமழையில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் தண்ணீர் ஏறியது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த நோட்டுகள் ஊறி, மை கரைந்து, தாளோடு தாள் ஒட்டிக்கொண்டன. கவிதை விளக்கங்கள், கட்டுரைச் சட்டகங்கள், வல்லினம் மிகும் இடங்களில் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் சொற்கள், எந்தப் பிள்ளைக்கு எதில் பயிற்சி தேவை என்ற என் சொந்தக் குறிப்புகள் என்று எல்லாம் அவற்றில்தான் இருந்தன. அதன் பிறகு பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து வகுப்புகள் எல்லாம் திரைக்கு மாறியதும் அந்தக் குறிப்புகள் பன்மடங்காகப் பெருகின. வாரம் முழுவதும் நடத்தும் பாடத்துக்கு வேண்டிய ஒவ்வொன்றும் அந்தச் செயலிக்குள்தான் இருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது மிகக் கொஞ்சம். திறந்தவுடன் எழுத வேண்டும். எழுதியதைத் தேடினால் கிடைக்க வேண்டும். அந்த இரண்டையும் அது ஒழுங்காகவே செய்தது. வெளிநாட்டுச் சிறு நிறுவனம் ஒன்றின் செயலி அது. தொடக்கத்தில் இலவசமாக இருந்து, பிறகு ஆண்டுச் சந்தாவாக மாறியது. சந்தா அமெரிக்க டாலரில் இருந்ததால், வங்கி பிடித்துக்கொள்ளும் மாற்றுக் கட்டணத்தையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 170 வெள்ளி ஆகும். சந்தாவைப் புதுப்பித்துச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில் ஒரு மின்னஞ்சல் வந்தது. சேவை நிறுத்தப்படுகிறது, இரண்டு மாதங்களுக்குள் தரவுகளை இறக்கிக்கொள்ளலாம், எஞ்சிய காலத்துக்குக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று மூன்று வரிகளில் முடித்திருந்தார்கள். கோபத்தைவிட அவமானமே எனக்கு அதிகமாக இருந்தது. காசு கொடுத்து வாடகைக்கு இருந்தவளைச் சாமான்களோடு தெருவில் நிறுத்தியதைப் போல உணர்ந்தேன்.

இது எங்கோ ஒருவருக்கு நேரும் அபூர்வம் என்று எண்ண வேண்டாம். பெரிய நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. கூகுள் தன் பழைய 'நோட்புக்' சேவையை 2012இல் மூடிவிட்டு, அடுத்த ஆண்டு 'கீப்' என்ற வேறொன்றை வெளியிட்டது. எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குகளை ஒரு நோட்டுப் புத்தகம், 50 குறிப்புகள் என்ற வரம்புக்குள் சுருக்கியது. விண்டோஸ் 10க்கென்று தனியாக இருந்த ஒன்நோட் பதிப்புக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்தது. கணினிக்கான மற்றொரு ஒன்நோட் தொடர்கிறது என்றாலும், பழையதில் எழுதியவர்கள் இடம் மாறத்தான் வேண்டியிருந்தது. ஆகவே, நிறுவனம் பெரிதா சிறிதா என்று பார்ப்பதால் பயனில்லை. நாம் வெளியேறும் நாளில் நம் எழுத்து எந்த வடிவில் நம் கைக்கு வரும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

என் எழுத்து எந்த வடிவில் வந்தது என்று சொல்கிறேன். 'எல்லாவற்றையும் ஏற்றுமதி செய்' என்ற பொத்தானை அழுத்தியதும் சுருக்கப்பட்ட ஒரு கோப்பு இறங்கியது. விரித்துப் பார்த்தால், உள்ளே உலாவியில் திறக்கும் எச்.டி.எம்.எல். கோப்புகள் நிறையவும், ஜேசன் என்ற வகையைச் சேர்ந்த பெரிய கோப்பு ஒன்றும் இருந்தன. ஒவ்வொரு குறிப்புக்கும் ஓர் எச்.டி.எம்.எல். கோப்பு இருக்க வேண்டும். ஆனால் என்னிடம் இருந்த குறிப்புகளில் பாதியளவுகூட அங்கே இல்லை. இருந்த கோப்புகளின் பெயர்களிலோ ஓர் எழுத்தைக்கூடக் காணவில்லை. வெறும் அடிக்கோடுகளாக நீண்டு கிடந்தன. காரணம் பிறகுதான் புரிந்தது. கோப்புக்குப் பெயரிடும்போது, ஆங்கில எழுத்தும் எண்ணும் அல்லாத எதையும் அந்த மென்பொருள் அடிக்கோடாக மாற்றிவிடுகிறது. 'கட்டுரை' என்பதும் 'சிறுகதை' என்பதும் கணினியின் கணக்கில் ஏழு குறியீடுகள் கொண்டவை. இரண்டுக்கும் ஏழு அடிக்கோடுகளே பெயராக அமையும். ஒரே பெயரில் இரண்டாவது கோப்பு வந்தால் முதல் கோப்பின் மேல் எழுதப்பட்டு, முதலாவது மறைந்துவிடும். ஆங்கிலத்தில் தலைப்பிடுபவருக்கு இந்தக் குறை ஒருநாளும் தெரிய வராது. வேறு சில செயலிகளில் இதன் இன்னொரு வடிவத்தைப் பின்னாளில் கண்டேன். அவை தமிழ் எழுத்தை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் மெய்ப்புள்ளியையும் கொம்பையும் காலையும் எழுத்தாகக் கருதாமல் உதிர்த்துவிடுகின்றன. அவற்றில் 'கட்டுரை' என்ற தலைப்பு 'கடடர' என்று வெளியே வரும்.

அன்றிரவு எவ்வளவு நேரம் அந்த அடிக்கோடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஃபெர்ரி ஏறி, கொம்தார் பக்கம் இருந்த கணினிக் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரத் தம்பி பொறுமையாகவே பார்த்தார். அந்த ஜேசன் கோப்பைத் திறந்து காட்டி, "இதுல ஒண்ணும் இல்ல டீச்சர், வெறும் குப்பை எழுத்துதான். செயலி இன்னும் திறக்குது இல்ல, எல்லாத்தையும் பி.டி.எஃப்.ஆ அடிச்சுத் தந்துடுறேன்" என்றார். 220 வெள்ளி கேட்டார், கொடுத்தேன். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தபோது பக்கங்கள் அழகாக இருந்தன. கண் கலங்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். அந்த மகிழ்ச்சி, ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்க்கும் வரையில்தான் நீடித்தது. ஒட்டிய இடத்தில் கொம்புகள் எல்லாம் முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டு, படிக்கவே முடியாத ஒன்று வந்து நின்றது.

இதற்கான காரணத்தைத் தமிழில் எழுதுகிற ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 'கெ' என்று நாம் எழுதும்போது, கண்ணுக்குக் கொம்பு முதலிலும் ககரம் பிறகும் தெரிகின்றன. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்துக் கணினியில் பதியும் யூனிக்கோடு முறையில் ககரமே முதலில் பதிவாகிறது. கொம்பு அதற்குப் பின்னால் வருகிறது. பி.டி.எஃப். என்பது அடிப்படையில் அச்சுத் தாளின் படம்; எழுத்துருவங்களைத் தாளில் எந்த இடத்தில் வரைய வேண்டும் என்பதே அதற்கு முக்கியம். உருவாக்கிய மென்பொருள் கவனமாகச் செய்யாவிட்டால், நகலெடுக்கும்போது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகள் வெளிவந்து எல்லாம் இடம் மாறிவிடும். தேடினாலும் பல சொற்கள் அகப்படமாட்டா. அச்சடித்துக் கோப்பில் வைக்க பி.டி.எஃப். போதும்; திருத்தவோ, வெட்டி ஒட்டி அடுத்த ஆண்டுப் பாடத்துக்குச் சேர்க்கவோ அது உதவாது. எனவே ஒரு செயலி 'ஏற்றுமதி உண்டு' என்று சொல்லி பி.டி.எஃப். மட்டும் தருமானால், தமிழில் எழுதுபவர் அதை ஏற்றுமதி என்றே கணக்கில் கொள்ளக் கூடாது.

என்னைக் காப்பாற்றியது கடைக்காரர் குப்பை என்று ஒதுக்கிய அந்த ஜேசன் கோப்புதான். அழிப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை அதை நோட்பேடில் திறந்து கீழே இழுத்துக்கொண்டே போனேன். பின்சாய்கோடு, ஆங்கில 'யு' எழுத்து, அதை ஒட்டி '0பி' என்று தொடங்கும் குறியீடு. பக்கம் பக்கமாக இதுவே. இடையில் ஓரிடத்தில் 1330 என்ற எண் தென்பட்டது. திருக்குறளைப் பற்றிய அறிமுகக் குறிப்பில் நான் எழுதிய எண் அது. எண் அப்படியே இருக்கிறது என்றால் அதைச் சுற்றியுள்ள எழுத்துகளும் ஏதோ ஒரு வடிவில் இருக்கத்தானே வேண்டும் என்று தோன்றியது. அடிக்கடி வந்த '0பி95' என்ற குறியீட்டை யூனிக்கோடு அட்டவணையில் தேடினேன், அது 'க'. அதன் பிறகு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கோப்பில் ஓர் எழுத்துக்கூடக் கெடவில்லை. ஒவ்வொரு தமிழ் எழுத்தும் தன் யூனிக்கோடு எண்ணாக எழுதி வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். ஃபயர்பாக்ஸ் உலாவியில் அதை இழுத்துப் போட்டதும் என் குறிப்புகள் தமிழாகவே திரையில் விரிந்தன. உங்கள் ஏற்றுமதிக் கோப்பில் இப்படி '0பி' என்று தொடங்கும் குறியீடுகள் நிரம்பியிருந்தால் பதற்றப்பட்டு அழித்துவிடாதீர்கள், அதைச் சரிசெய்து தருவதாகச் சொல்பவருக்குப் பணமும் கொடுக்காதீர்கள். ஆனால் குறியீடுகளுக்குப் பதிலாக வெறும் கேள்விக்குறிகளே வரிசையாக இருந்தால் நிலைமை வேறு. அந்த எழுத்துகள் உண்மையிலேயே போய்விட்டன, அந்தக் கோப்பிலிருந்து அவற்றை மீட்க வழியில்லை.

எழுத்து கிடைத்துவிட்டது என்றாலும் அது ஒரே பெருங்கோப்பாகக் கிடந்தது. நிரல் எழுதத் தெரிந்தவர் சில நிமிடங்களில் பிரித்திருப்பார். எனக்கு அது தெரியாது, கேட்கவும் அப்போது ஆள் இல்லை. ஒவ்வொரு குறிப்பாக நகலெடுத்துத் தனிக் கோப்பாகச் சேமித்தேன். அந்த வாரங்களில் சனிக்கிழமை வகுப்புகளை நடத்த முடியாமல் 480 வெள்ளியைப் பெற்றோர்களிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒரு மாணவியின் தாயார், "பரவால டீச்சர், உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டபோது, செயலி மூடிவிட்டது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. சந்தா, கடைக்குக் கொடுத்தது, திருப்பித் தந்த கட்டணம் எல்லாம் சேர்ந்து 870 வெள்ளி. தேர்வுக்கு முந்தைய திருப்புதலில் என் பிள்ளைகள் இழந்ததை இந்தக் கணக்கில் எழுத முடியாது. எனக்கு இன்னும் உறுத்துவது அதுதான்.

அதன் பிறகு புதிய செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரப் பக்கத்தைப் படிப்பதை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாகச் சோதனைக் குறிப்பு ஒன்றைத் தயாரித்தேன். தமிழில் நீளமான தலைப்பு, வரி பிரித்து எழுதிய ஒரு செய்யுள், கொம்பும் காலும் சேர்ந்து வரும் 'தொகை', 'கோவை' போன்ற சொற்கள், 'ஸ்ரீ', ஒரு படம், சில எண்கள். இதை ஒவ்வொரு செயலியிலும் ஒட்டி, வை-ஃபையை அணைத்துவிட்டுத் திறக்கிறதா என்று பார்த்தேன். பிறகு சொற்களைத் தேடினேன். கடைசியாக ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி, அந்தச் செயலியே இல்லாத வேறொரு கணினியில் திறந்தேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை இது. நூற்றுக்கணக்கில் குறிப்பு சேர்ந்த பிறகு செய்வதைவிட, ஒரே ஒரு குறிப்பு இருக்கும்போதே செய்துவிடுவது எவ்வளவோ மேல்.

தேடுதலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழுக்கு அதில்தான் சிக்கல் அதிகம். சில செயலிகள் முழுச் சொல்லையோ சொல்லின் தொடக்கத்தையோ மட்டுமே பொருத்திப் பார்க்கின்றன. அவற்றில் 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' கிடைக்காது. தொடக்கத்தைப் பொருத்திப் பார்ப்பவற்றில் 'மர' என்று தேடிப் பழகிக்கொள்ள வேண்டும். இன்னும் சில, மெய்ப்புள்ளியைச் சொல்லின் முடிவாக எடுத்துக்கொண்டு ஒரே சொல்லைத் துண்டு துண்டாக உடைத்து அட்டவணைப்படுத்துகின்றன; அவற்றில் எதைத் தேடினாலும் தொடர்பில்லாத குறிப்புகள் வந்து குவியும். மூன்றாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. 'தொ' என்ற எழுத்தை யூனிக்கோடில் இரண்டு விதமாகப் பதியலாம்: தகரத்தோடு ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியீட்டைச் சேர்க்கலாம், அல்லது கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் சமம் என்று யூனிக்கோடு விதி சொன்னாலும் எல்லாச் செயலிகளும் அதை மதிப்பதில்லை. நான் தட்டச்சு செய்த 'தொகைநிலை' தேடலில் வந்தது. ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர் எனக்குத் தந்த பழைய கோப்புகளில் இருந்த அதே சொல் வரவே இல்லை. அவை முன்பு வேறு எழுத்துருவில் எழுதப்பட்டு, மாற்றி ஒன்றின் வழியாக யூனிக்கோடுக்கு வந்தவை. 'ஔ' எழுத்தை ஒகரமும் ளகரமுமாகப் பிரித்துத் தட்டச்சு செய்தவர்களின் கோப்புகளிலும் இதே தொல்லை உண்டு. பிறரிடமிருந்து வாங்கிய கோப்பில் ஏதேனும் கிடைக்கவில்லை என்றால், இல்லை என்று முடிவு செய்வதற்கு முன் அந்தக் கோப்பிலிருந்தே சொல்லை நகலெடுத்துத் தேடிப் பாருங்கள்.

இனி, நான் சோதித்தவற்றைப் பற்றிய என் கருத்து. படம், கையெழுத்து, அட்டவணை எல்லாம் ஒரே பக்கத்தில் வேண்டுமென்றால் ஒன்நோட் வசதியானது. ஆனால் அது தனக்கே உரிய கோப்பு வடிவில் எழுத்தை வைத்திருக்கிறது, வேறு செயலியால் அதை நேராகத் திறக்க முடியாது. கூகுள் கீப் கடைக்குப் போகும் பட்டியலுக்கு நல்லது. அதிலிருந்து எல்லாவற்றையும் எடுக்க கூகுளின் 'டேக்அவுட்' சேவைக்குப் போக வேண்டும், எச்.டி.எம்.எல்., ஜேசன் இரண்டு வடிவிலும் தருகிறார்கள். சிம்பிள்நோட் பெயருக்கேற்ப எளியது. எழுத்து மட்டும்தான், படம் ஒட்ட முடியாது. 2013இல் வேர்ட்பிரஸ் டாட் காமை நடத்தும் ஆட்டோமேட்டிக் நிறுவனம் அதை வாங்கியது. இலவசமாகவே இருக்கிறது, ஏற்றுமதி செய்தால் சாதாரண உரைக் கோப்புகளாகத் தருகிறது. படம் வேண்டாதவர்களுக்கு நான் தயங்காமல் அதைச் சொல்வேன். ஜாப்ளின் இலவசமான திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரலை எவரும் பார்க்கலாம். குறிப்புகள் நம் கணினியிலேயே இருக்கும், விரும்பினால் ஒன்டிரைவ் அல்லது டிராப்பாக்ஸ் வழியாகப் பூட்டிய வடிவில் ஒத்திசைக்கலாம். ஒப்சிடியன் திறமூல மென்பொருள் அன்று. ஆனாலும் ஒவ்வொரு குறிப்பையும் நம் கோப்புறையில் தனி உரைக் கோப்பாகவே வைக்கிறது, செயலியை நீக்கினாலும் கோப்புகள் அப்படியே இருக்கும். இவ்விரண்டும் உள்ளுக்குள் ஓர் இணைய உலாவியையே வைத்துக்கொண்டு இயங்குபவை என்பதால் நினைவகத்தைக் கூடுதலாகக் கேட்கும். நான்கு ஜிகாபைட் நினைவகம் கொண்ட என்னுடையதைப் போன்ற மடிக்கணினியில் கூகுள் மீட்டையும் சேர்த்துத் திறந்து வைத்து வகுப்பு நடத்துபவர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு புதிய கணினி இருந்திருந்தால் ஒருவேளை ஒப்சிடியனிலேயே நின்றிருப்பேன்.

நான் நின்றது சாதாரண உரைக் கோப்பில். 'டாக்குமெண்ட்ஸ்' கோப்புறைக்குள் 'பாடம்', 'மாணவர்', 'இலக்கணம்' என்று சில கோப்புறைகள். அவற்றுள் ஒவ்வொரு குறிப்பும் ஓர் உரைக் கோப்பு. எழுதுவதற்கு விண்டோஸோடு வரும் நோட்பேட். எல்லாக் கோப்புகளிலும் ஒருசேரத் தேடுவதற்கு 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும் நோட்பேட் பிளஸ் பிளஸ். அதில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்திக் கோப்புறையைக் காட்டினால், அந்தச் சொல் வரும் வரிகள் எல்லாம் கோப்பின் பெயரோடு கீழே வரிசையாக வந்துவிடும். சொல்லின் நடுவில் இருந்தாலும் பிடித்துவிடுகிறது என்பதால், தமிழுக்கு இதைவிட நேர்மையான தேடலை நான் வேறெங்கும் காணவில்லை. நோட்பேடில் எஃப்5 விசையை அழுத்தினால் அன்றைய தேதியும் நேரமும் தாமாக விழும் என்பது பலருக்குத் தெரியாது. மாணவர்களைப் பற்றிய குறிப்புகளுக்கு எனக்கு அது மிகவும் பயன்படுகிறது.

உரைக் கோப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்புக்கு முன்பு, நோட்பேட் இயல்பாக 'ஆன்சி' என்ற குறியாக்கத்தில்தான் சேமிக்கும். எச்சரிக்கையைக் கவனிக்காமல் சரி என்று அழுத்தினால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அந்தப் புதுப்பிப்பு முதல், தமிழைக் கெடாமல் சேமிக்கும் யூடிஎஃப்-8 என்ற குறியாக்கம் இயல்பாகிவிட்டது. இருந்தாலும் பழைய கணினியில் எழுதுபவர்கள், சேமிக்கும் பெட்டியின் அடியில் 'என்கோடிங்' என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று இருக்கிறதா எனப் பார்த்துவிடுவது நல்லது. அதேபோல, யூனிக்கோடு பரவுவதற்கு முன் நம் ஊரில் எழுதப்பட்ட கோப்புகள் ஏராளமாக இருக்கின்றன. நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலில் எழுதிப் பழகிய தலைமுறை நம்முடையது. அந்தக் காலத்துத் தனி எழுத்துருக் கோப்புகளை இன்று அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஒன்றும் புரியாது. வீட்டில் அப்படிப்பட்ட கோப்புகள் இருந்தால், அவற்றைத் திறக்கக்கூடிய மென்பொருள் கையில் இருக்கும்போதே யூனிக்கோடுக்கு மாற்றி வைத்துவிடுங்கள்.

கோப்புக்குப் பெயர் வைப்பதில் சில வழக்கங்களைக் கடைப்பிடிக்கிறேன். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்ணாக முதலில் எழுதி, பிறகு தமிழில் சிறு தலைப்பு. இதனால், எந்த மென்பொருளாவது தமிழை அடிக்கோடாக்கினாலும் எண் தப்பிப் பிழைக்கும். ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட குறிப்பு எழுதினால் எண்ணையும் சேர்த்துக்கொள்கிறேன். விண்டோஸ், கோப்பின் பெயரில் கேள்விக்குறியையும் முக்காற்புள்ளியையும் ஏற்பதில்லை என்பதால், 'ஏன்?' 'எப்படி?' என்று தலைப்பிடும் என்னைப் போன்ற ஆசிரியர்கள் அவற்றை விட்டுவிட வேண்டும். மாணவர்களின் முழுப்பெயரை எழுதுவதை நிறுத்திவிட்டு முதலெழுத்துகளை மட்டும் பயன்படுத்துகிறேன். பிள்ளைகளின் தரவு எந்த நாட்டுக் கணினியில் கிடக்கிறது என்று தெரியாத நிலை எனக்கே உவப்பாக இல்லை. நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருப்பதும் நினைவில் இருக்க வேண்டியதே. நகலுக்கு ஒன்டிரைவின் இலவச ஐந்து ஜிகாபைட் எனக்குத் தாராளம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது என்றாலும், பத்து இலட்சம் சொற்கள்கூடச் சில பத்து மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். மற்றொரு நகல் பென்டிரைவில், தண்ணீர் ஏறாத மேல்தட்டில் இருக்கிறது.

இந்த ஏற்பாடு எல்லோருக்கும் பொருந்தாது. கைப்பேசியிலேயே பெரும்பாலும் எழுதுபவருக்கும், கரும்பலகையைப் படமெடுத்துக் குறிப்போடு சேர்க்க விரும்புபவருக்கும் இது எரிச்சலூட்டும். படங்களை நான் அதே தேதிப் பெயரில் வேறொரு கோப்புறையில் வைத்துச் சமாளிக்கிறேன், அது அழகான தீர்வு அன்று. அவர்கள் ஜாப்ளினையோ ஒன்நோட்டையோ எடுத்துக்கொண்டு, பள்ளி விடுமுறைதோறும் ஒருமுறை முழு ஏற்றுமதி செய்து வைத்தால் போதும். இப்போது ஏதேனும் ஒரு செயலிக்குச் சந்தா கட்டிக்கொண்டிருப்பவர்கள், புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகக் கைப்பேசி நாட்காட்டியில் ஒரு நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள். அன்று முதலில் ஏற்றுமதி செய்து, கோப்புகளின் எண்ணிக்கையும் குறிப்புகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, ஏதாவது இரண்டு மூன்று கோப்புகளை வேறு கணினியில் திறந்து தமிழ் சரியாக வந்திருப்பதை உறுதி செய்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.